செருப்புக் காவல்

ஜூன் 1, சனி

என் பெயர் தேவபிச்சை. எனக்கு எழுபத்தைந்து வயது. இதை நானே எழுதுகிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

நேற்று எழுதியதை இன்று காலையில் வாசித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. பேசுவது காற்றோடு போய்விடும். எழுதியது மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இருக்கத்தானே செய்யும்ப்பா, எறும்பா தூக்கிட்டுப் போகும்?" என்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, அதனால் கோயிலில் திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் வழக்கம் போல எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள் உள்ளே இருப்பார்கள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொள்வேன். எங்கள் சுகிர்தபுரம் கோயிலில் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தெருநாய்கள் வந்து தூக்கும். நான் இருந்தால் கிட்டே வராது. அறுபது வருடத்துக்கு மேலாகிறது, ஒரு செருப்பு கூடத் தொலைந்ததில்லை.

ஜூன் 3, திங்கள்

நாற்பது வருடம் வாழை மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றினேன். எங்கே கையெழுத்து என்றாலும் பெருவிரலை உருட்டுவேன். போன ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் முதியோருக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். மே மாதம் பரீட்சை வைத்தார்கள். தேறிவிட்டேன். இப்போது பஸ் பலகை வாசிக்கிறேன். மாத்திரை அட்டை வாசிக்கிறேன். உப்பு பாக்கெட் வாசிக்கிறேன். அதில் உப்பு என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

இந்த நோட்டை வாங்கித் தந்தது என் மகள் பியூலா. ஐம்பத்திரண்டு வயது. நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. என் மனைவி லீதியாள் இறந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. நானும் பியூலாவும்தான் வீட்டில். நான் தினமும் ஏதாவது எழுத வேண்டும், சனிக்கிழமை அவள் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். அதுதான் ஏற்பாடு.

"அந்தரங்கமா எதாவது எழுதினா அந்தப் பக்கத்துக்குக் கிளிப் போட்டு வச்சிருங்க. நான் தொறக்க மாட்டேன்" என்று கொடியிலிருந்து துணிக் கிளிப் ஒன்றைக் கழற்றித் தந்தாள். பச்சை நிறம். எனக்கு என்ன அந்தரங்கம் என்று சிரித்தேன்.

ஜூன் 8, சனி

முப்பத்தொரு இடத்தில் சிவப்பு மை. செருப்பு பற்றி எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பிழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வரி எழுதியிருக்கிறாள். "காவல் போதும்ப்பா, உள்ளே வாங்க."

எழுத்தில் வந்ததால் இரண்டு தரம் வாசித்தேன். வாயால் நூறு தரம் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

இந்தப் பக்கத்துக்குக் கிளிப்.

எங்கள் அப்பா மாசிலாமணியைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்று மாதத்தில் அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்துபோனார். விலக்கு முடிவதற்குள் சாவு வந்ததால், கடவுளே கை வைத்துவிட்டார் என்று ஊர் பேசியது. அப்பா என்ன செய்தார் என்று அம்மா சொல்லவில்லை. "அதைக் கேக்காத" என்பாள். திருவிருந்து ஆரம்பிக்கும்போது என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுவாள். பையன்கள்தான் காரணம் சொன்னார்கள். கோயிலின் வெள்ளிக் கிண்ணத்தை அப்பா திருடிவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் என் பெயரே "கிண்ணத் திருடன் மகன்" என்று ஆனது. இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

ஆராதனையில் பத்துக் கட்டளை வாசிப்பார்கள். இரண்டாவது கட்டளையில், தகப்பன் செய்ததை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் கடவுள் விசாரிப்பார் என்று வரும். அந்த இடத்தில் கோயில் முழுவதும் என் முதுகைப் பார்ப்பது போல இருக்கும். அப்பா ஒன்று. நான் இரண்டு. பியூலா மூன்று.

லீதியாள் பிடிவாதமாகப் பியூலாவைத் திடப்படுத்தலுக்கு அனுப்பினாள். பேராயர் கை வைத்து ஜெபித்தால்தான் திருவிருந்து வாங்கலாம். நான் அனுப்புவதைத் தடுக்கவில்லை. அவள் உள்ளே போகும்போதெல்லாம் நான் வெளியே பயந்துகொண்டிருப்பேன்.

ஜூன் 18, செவ்வாய்

கோயிலுக்கு நூற்றைம்பதாவது வருடம் வருகிறது. பழைய பதிவேடுகளைச் செல் அரிக்காமலிருக்க வெயிலில் பரப்பியிருந்தார் யோசுவா. அவர்தான் எங்கள் கோயில்பிள்ளை, மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அவர் வேலை. என் வயதுக்காரர்.

"வே தேவபிச்சை, நீருதான் இப்ப படிச்ச மனுசன் ஆச்சே. இதுல எது எதுன்னு வாசிச்சுச் சொல்லும். எனக்குக் கண்ணுல புரை."

எனக்கு ஒரே பெருமை. ஞானஸ்நானம். திருமணம். அடக்கம். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். ஐந்தாவது புத்தகம் மெலிதாக இருந்தது. அதன் அட்டையில் "சபை விலக்கு" என்று எழுதியிருந்தது. அதை மட்டும் வாய்க்குள் வாசித்தேன்.

"என்னவே, அது என்ன புஸ்தகம்? மூஞ்சி வேர்க்குது?"

"வெயிலு" என்றேன்.

ஜூன் 19, புதன்

ஐயரிடம் போனேன். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். கிங்ஸ்லி ஐயர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, நாற்பது வயதிருக்கும். அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காரணம் கேட்பார் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "தாராளமா வாசிங்க தாத்தா. அறையில ஃபேன் போட்டு உக்காருங்க" என்றார்.

அச்சு எழுத்து நின்று பேசும். இந்தக் கையெழுத்து ஓடிக்கொண்டே பேசுகிறது. ஒரு மணி நேரத்தில் நான்கு வரி வாசித்தேன். அது வேறு யாரோ ஒருவர் குடித்துவிட்டுப் பாட்டுக் குழுவில் சண்டை போட்டது.

ஜூன் 20, வியாழன்

கொடியிலிருந்து இன்னொரு கிளிப். 1958 என்ற பக்கம் வந்தது. "மாசிலாமணி" என்று வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்று போகவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 22, சனி

"முழங்கால் வலிக்குதாப்பா? டாக்டர்ட்ட போவமா?" என்று கேட்டாள் பியூலா, நோட்டைத் திருத்திக்கொண்டே. இப்போது வலி இல்லை என்றேன். என்னைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். "கொடியில கிளிப் கொறையுது" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

முழுவதும் வாசித்துவிட்டேன். ஒரு காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். இங்கே மறுபடியும் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது, பியூலா மன்னிக்கவும்.

"1958 அக்டோபர் 12. மாசிலாமணி, கிணறு வெட்டுகிறவன். தன் ஒரே மகன் தேவபிச்சை விஷக்காய்ச்சலில் பத்து நாளாகக் கிடக்கையில், மாடன் கோயிலில் கிடாய் வெட்டி நேர்ச்சை செலுத்தியதைத் தானே வந்து ஒப்புக்கொண்டான். ஆறு மாதம் திருவிருந்து விலக்கு. மனைவிக்கும் மகனுக்கும் விலக்கு இல்லை. பையன் பிழைத்துவிட்டான்."

கீழே அன்றைய ஐயர் வேறு மையில் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தார்.

"1959 ஜனவரி 19. மாசிலாமணி கிணற்றில் மண் சரிந்து மரித்தான். நானே அடக்கம் செய்தேன். விலக்கு இதோடு தீர்ந்தது."

கிண்ணமே இல்லை. யாரும் எதையும் திருடவில்லை. அப்பா எனக்காகப் போனார். எந்தக் கடவுள் காப்பாற்றும் என்று தெரியாமல் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டினார். பிறகு மறைக்கத் தெரியாமல் தானே வந்து சொன்னார்.

மகனுக்கு விலக்கு இல்லை. அறுபத்தாறு வருடமாக அது அந்த அலமாரியில் எழுதிக் கிடந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. பையன்கள் வாய்க்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடத்தை விட்டதால் பையன்கள் சொன்னது பொய் என்று தெரியாமல் போனது.

வெளியே வந்தபோது யோசுவா மணிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். கயிற்றை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"கிண்ணத் திருடன் மகன்னு சின்ன வயசுல நானும் கத்திருக்கேன்வே."

"தெரியும். உம்ம சத்தம்தான் பெருசா இருக்கும்."

"மன்னிச்சிரும்வே."

"மணி அடிக்கிற வேலைக்கு உம்மை எதுக்கு எடுத்தாங்கன்னு நெனச்சீரு?" என்றேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

பியூலா பள்ளி முடிந்து வந்ததும் காகிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தாள். "தாத்தா பாவம்ப்பா" என்றாள். பிறகு, "நீங்களும்தான்" என்றாள். கேசரி கிண்டினாள். ஏலக்காய் கொஞ்சம் அதிகம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

அப்பா செய்தது பாவம்தானா என்று ஐயரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்கு நான் இங்க ஐயரா இருந்திருந்தா, முதல்ல உங்க வீட்டுக்கு மருந்து வாங்கிட்டு வந்திருப்பேன் தாத்தா. இந்தப் புஸ்தகத்தை அப்புறமா தொறந்திருப்பேன்" என்றார்.

எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 4 பேராயர் வருகிறார். திடப்படுத்தலுக்கு ஜூலை முழுவதும் சனிக்கிழமை வகுப்பு. என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வயது என்ற இடத்தில் நானே 75 என்று எழுதினேன்.

ஜூலை 6, சனி

பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். நான் பத்தாவது. "தாத்தா, நீங்க எதுக்கு இந்த வகுப்புக்கு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். "அறுபது வருசமா இதே வகுப்புல ஃபெயில்மா" என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்து ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

ஐயர் கரும்பலகையில் இரண்டு சொற்கள் எழுதினார். ஜென்ம பாவம். கர்ம பாவம். முதலாவது பிறவியிலேயே நம்மிடம் இருப்பது, இரண்டாவது நாமே செய்வது என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, ஜென்ம பாவம்னா அப்பன் செஞ்ச குத்தம் பிள்ளை தலையில விழுறதா?"

"அப்படித்தான் நெறைய பேரு நெனைக்கிறாங்க தாத்தா. இல்ல. நாம எல்லாருமே சாஞ்ச தரையில பொறந்திருக்கோம்னு வைங்க. அந்தச் சாய்வு எல்லாருக்கும் பொது. ஆதாம்ல இருந்து பேராயர் வரைக்கும். தண்ணி கொட்டினா அது பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆனா வாளியைக் கவுத்தது யாருன்னு கேட்டா சாய்வைக் கை காட்ட முடியாது. கவுத்தவன்தான் பதில் சொல்லணும்."

"பேராயருக்குமா ஐயா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அவரு வாரப்போ கேட்டு வச்சிராத" என்றார் ஐயர்.

நான் விடவில்லை. "அப்ப மூணு நாலு தலைமுறைன்னு கட்டளையில வருதே?"

"அப்பன் செஞ்சதோட வலி பிள்ளைங்களுக்கு வரும் தாத்தா. நீங்களே வாங்கியிருக்கீங்க. குத்தம் வராது. உங்களை மாதிரியே கேட்டவங்க அந்தக் காலத்துலயும் இருந்தாங்க" என்று வேதத்தில் ஒரு தீர்க்கதரிசியின் பகுதியைத் திறந்து, பதினெட்டாம் அதிகாரத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் போன பிறகும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பன் செய்ததை மகன் சுமக்க வேண்டாம், மகன் செய்ததை அப்பன் சுமக்க வேண்டாம், அவனவன் செய்தது அவனவனோடு. இந்த அதிகாரத்தை யாரும் எனக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. ஒருவேளை வாசித்த அன்று நான் வேப்பமரத்தடியில் இருந்திருப்பேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது முதுகு லேசாக இருந்தது. இறக்கி முடித்த லாரி போல.

ஜூலை 7, ஞாயிறு

இன்னும் திடப்படுத்தல் ஆகாததால் இன்றும் வெளியேதான். ஆனால் இன்று வெளியே இருந்தது வேறு மாதிரி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல இருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கிளிப்.

இறக்கி முடித்த லாரி என்று எழுதினேன். அது சரியில்லை. ஒரு தார் மிச்சம் இருக்கிறது.

1997இல் சாத்தான்குளத்திலிருந்து தனசிங் என்ற பையனும் அவன் அப்பாவும் பியூலாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அவளோடு படித்தவன். வாழைத்தார் ஏற்றுகிறவன் வீட்டுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், அதுவும் அடிபட்ட பழம். அப்பா கதையைச் சொன்னேன். பெரியவர், "அதெல்லாம் பழசு அண்ணாச்சி, அந்தக் கதை எங்களுக்கு எதுக்கு. பிள்ளையைத் தாங்க" என்றார். பியூலா அப்போது பள்ளிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, முடியாது என்று சொல்லி அனுப்பினேன். பியூலாவிடம், தாத்தா காரியத்தைக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? நான்காம் தலைமுறை ஒன்று வேண்டாம் என்றுதான். பியூலாவோடு அந்தச் சாபம் நின்றுபோகட்டும். பிறக்காத பிள்ளைகளைக் காப்பாற்றினேன்.

ஜூலை 13, சனி

இன்று வகுப்பில், திருவிருந்துப் பந்திக்கு வருமுன் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் முதலில் அவர்களிடம் போய்ச் சரி செய்துவிட்டு வர வேண்டும் என்றார் ஐயர். மிட்டாய் கொடுத்த பெண் எழுந்து, தம்பியின் பென்சிலை உடைத்ததைச் சொல்லி அழுதாள். எல்லோரும் அவளைத் தேற்றினோம். நானும் தேற்றினேன்.

ஜூலை 16, செவ்வாய்

கிளிப்.

வாழைத்தாரில் கறுப்புத் தட்டியிருந்தால் மண்டிக்காரர் என்னைத்தான் கூப்பிடுவார். மரத்திலேயே பட்ட தழும்பா, ஏற்றும்போது போட்ட அடியா என்று நான் சொல்லிவிடுவேன். மரத்துத் தழும்பு காய்ந்து தோலோடு இருக்கும். தொட்டால் ஒன்றும் ஆகாது. கீழே போட்ட அடி, விரல் வைத்தால் அமுங்கும்.

போன வாரம் எழுதியதை மறுபடி வாசித்தேன். நான்காம் தலைமுறை என்று எழுதிய இடத்தில் விரல் வைத்தேன். அமுங்குகிறது.

லீதியாள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பியூலாவும் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். ஒற்றைத் தட்டில் சோறு போட்டு ஒற்றை ஆளாகச் சாப்பிட வேண்டும். அதற்குப் பயந்தேன். அவ்வளவுதான். சாபமும் இல்லை, தலைமுறையும் இல்லை. அப்பாவின் பெயரை எடுத்து என் பொய்க்குப் போர்த்திவிட்டேன். செய்யாத திருட்டுக்கு ஊர் அவரைப் பேசியது. நானும் ஒன்றைச் சேர்த்து அவர் தலையில் வைத்தேன்.

அப்பா பிள்ளைக்காகத் தப்பு செய்தார். நான் பிள்ளைக்கே செய்தேன். அதை அவரிடமிருந்து நான் வாங்கவில்லை.

இதை எழுத இரண்டு மணி நேரம் ஆனது. எழுதி முடித்ததும் ஏனோ பசித்தது.

ஜூலை 20, சனி

கிளிப்போடு கொடுத்தேன். கிளிப்போடு திரும்பி வந்தது. பதினாறு பிழை.

ஜூலை 25, வியாழன்

முருங்கைக்காய்க் குழம்பு. புது வேட்டி வாங்கினோம். புதுச் செருப்பும் வாங்கித் தந்தாள் பியூலா. "பேராயர் முன்னால பழைய செருப்போடயா போவீங்க?" என்றாள். செருப்பு வெளியேதானே கிடக்கும் என்றேன். "வெளிய கிடந்தாலும் மானம் மானம்தான்" என்றாள். சிரிக்கும்போது லீதியாள் மாதிரியே இருக்கிறாள்.

ஜூலை 27, சனி

கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நோட்டைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். என்ன வாங்கப் போனேன் என்று கடையில் நினைவு வரவில்லை. உப்பு வாங்கினேன்.

ஜூலை 28, ஞாயிறு

பியூலா பேசவில்லை. கோயிலுக்கு முன்னால் நடந்து போனாள், நான் பின்னால் போனேன்.

ஜூலை 29, திங்கள்

பேசவில்லை. டீ நானே போட்டேன். வீட்டில் இப்போது மூன்று பாக்கெட் உப்பு இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் தோசை சுட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கல்லைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க சொன்னது பொய்ன்னு எனக்கு அந்த மாசமே தெரியும்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"தனசிங்கை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். உங்கப்பா ஏன் வேண்டாம்னாங்கன்னு அவன்தான் கேட்டான். உங்களை நெனச்சு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. பதிவுத் திருமணம் பண்ணுவோமான்னான். சரின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள, கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுரணும், எங்க அம்மாவுக்குப் பிடிக்காதுன்னான்."

"அதுக்கு நீ என்னம்மா சொன்னே?"

"பஸ் வந்துட்டு, போறேன்னேன்."

தோசையைத் திருப்பினாள். கருகியிருந்தது.

"அப்புறமும் ரெண்டு பேரு கேட்டாங்க. உங்களுக்குத் தெரியாது. நான்தான் வேண்டாம்னேன். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருந்துச்சுப்பா. என் பிள்ளைங்க எத்தனை பேரு எங்கெங்க இருக்காங்க. ரெண்டு நாளா எனக்கு எதுல கோவம்னு தெரியுமா? பொய்யில இல்ல. அது பழைய கோவம், ஆறிப்போச்சு. என் வாழ்க்கை முழுசும் உங்க பாவத்தோட பலன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதுல. உங்கப்பா பாவம் உங்களுக்கு வராதுன்னு அறுபத்தாறு வருசம் கழிச்சு வாசிச்சுட்டு வந்து குதிச்சீங்க. உங்க பாவம் எனக்கு மட்டும் வருமா? கல்யாணம் பண்ணாதது என் முடிவு. அதை நீங்க எடுத்துக்கிட முடியாது."

அதே அதிகாரத்தில் அதுவும் இருந்தது. என் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அப்ப நான் என்னதான் செஞ்சேன் பியூலா?"

"பொய் சொன்னீங்க. தாத்தா பேரை வச்சுச் சொன்னீங்க. அது உங்களோடது. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்க."

கேட்டேன். எழுபத்தைந்து வயதில் மகளிடம் கை கூப்பிக் கேட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"மன்னிச்சாச்சு. உக்காருங்க, தோசை ஆறுது."

கருகிய தோசையை எனக்குப் போட்டாள். அது நியாயம்தான். இவ்வளவு ருசியான தோசையை நான் சாப்பிட்டதில்லை.

ஜூலை 31, புதன்

நோட்டைத் திரும்பத் தந்தாள். ஜூலை 16ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு கூட இல்லை. பிழையே இல்லையா என்று கேட்டேன். "நெறைய இருக்கு" என்றாள்.

காலையில் அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கினேன். அவர் பெயரை வைத்துச் சொன்ன பொய்யை அவரிடமும் ஒப்புக்கொண்டேன். பிறகு அந்தக் காகிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கடைசியில் "பையன் பிழைத்துவிட்டான்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே வேட்டி கட்டிவிட்டேன். பேராயர் என் தலையில் கை வைத்தபோது கொஞ்சம் குனிந்து, "எத்தனை வயசுய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "பிந்தி வந்தாலும் இடம் இருக்கு" என்றார். மிட்டாய்ப் பெண் எனக்குப் பின்னால் நின்று கிளுக்கென்று சிரித்தாள்.

பத்துக் கட்டளை வாசித்தார்கள். இரண்டாவது வந்தது. முதுகில் ஒன்றும் படவில்லை. சட்டை மட்டும்தான் இருந்தது.

திருவிருந்து ஆரம்பித்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். இரண்டு அடி வாசலை நோக்கி வைத்தும்விட்டேன். பியூலா என் முழங்கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். அம்மா பிடித்த அதே கை. பீடத்துக்கு முன்னால் எப்படி முழங்கால் போடுவது என்று தெரியாமல், தோளில் இருக்கும் தார் விழாமல் உட்காருவது போல ஒரு கையை ஊன்றி மெதுவாக இறங்கினேன். பியூலா பக்கத்தில் இருந்தாள். அப்பம் காகிதம் போல இருந்தது. கிண்ணம் வந்தது. வெள்ளிக் கிண்ணம். இவ்வளவு கிட்டத்தில் அதை இன்றுதான் பார்க்கிறேன். உதட்டில் குளிர்ச்சியாக இருந்தது. ரசம் இனிப்பு.

வேறு என்ன எழுதுவது? அழவில்லை. நன்றாக இருந்தது.

வெளியே வந்தால் வாசலில் ஒரே கூச்சல். அறுபது வருடத்தில் முதல் முறையாகச் செருப்புக்குக் காவல் இல்லை அல்லவா. நாய்கள் வந்து பிரித்து மேய்ந்திருந்தன. பேராயரின் டிரைவர் ஒரு பக்கம் தேடுகிறார், யோசுவா கண் தெரியாமல் இன்னொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். தொலைந்தது ஒன்றே ஒன்றுதான். என் புதுச் செருப்பில் இடது கால்.

"யாருவே இன்னைக்குக் காவல்?" என்று ஒருவர் கத்தினார்.

"காவக்காரன் உள்ள இருந்தான்வே!" என்று யோசுவா திருப்பிக் கத்தினார். வாசல் முழுவதும் சிரித்தது. நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஒற்றைச் செருப்போடு வீடு வரை நடந்தேன். பியூலா வழியெல்லாம் என் காலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மானம் போச்சே என்றாள். வேட்டியில் ஒரு சொட்டு ரசம் சிந்தியிருந்தது. அவளே துவைத்துப் போட்டாள். இப்போது அது கொடியில் காய்கிறது. நல்ல காற்று. பறந்துவிடாமலிருக்க இரண்டு முனையிலும் கிளிப் போட்டிருக்கிறாள். ஒன்று பச்சை.